பாவு போட்டவர்கள்

எங்கள் வீட்டில் ரேடியோப் பெட்டி தறிக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. அப்பா குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் அவர் காதுக்கு நேராக வரும்படி பலகை அடித்து வைத்திருந்தார். அம்மாபேட்டையில் அப்போது தெருவுக்குத் தெரு தறிச் சத்தம்தான். வெண்பட்டு வேட்டி நெய்கிற வீடுகள். ஒரு வீட்டுத் தறி நடுப்பகலில் நின்றுபோனால் அடுத்த வீட்டிலிருந்து யாராவது வந்து எட்டிப் பார்ப்பார்கள், உடம்பு கிடம்பு சரியில்லையா என்று. சத்தம் கேட்கிறவரை எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்கு மேலே இலங்கை வானொலி பாடிக்கொண்டிருக்கும்.

பாட்டுக்காகத் தறி வேகம் கூட்டாது, குறைக்காது. மிதியை மிதித்தால் பாவு மேலும் கீழுமாகப் பிரியும். கயிற்றை இழுத்தால் நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடும். பலகையை இழுத்து அடித்தால் ஊடை படியும். இந்த மூன்றும் ஒரு கணக்கில் நடக்கும், பாட்டுதான் வந்து அந்தக் கணக்குக்குள் உட்கார வேண்டும். இழை அறுந்தால் அப்பா நிறுத்துவார். விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, அறுந்த இரண்டு முனையையும் சேர்த்து ஒரு முறுக்கு. கண்ணுக்கே தெரியாத முடிச்சு. அதற்குள் ரேடியோவில் பல்லவி போய்ச் சரணம் வந்திருக்கும். அவர் மறுபடி மிதிக்கும்போது, பாட்டு எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தில் கால் பிசகாமல் விழும். தாளம் படித்தவர் இல்லை. பாட்டை வாய்விட்டுப் பாடி நான் கேட்டதும் இல்லை.

ஒருநாள் 'சாரங்கதாரா' படத்துப் பாட்டு ஒன்று வந்தது. டி.எம். சௌந்தரராஜன் குரல். அப்பா தறியை நிறுத்தாமலே, "இது பாகவதர் பாட்டுச் சாடையில இருக்குது பாரு" என்றார். எந்தப் பாகவதர் பாட்டு என்று கேட்டேன். "அதான்டா, ஹரிதாஸ்ல வருமே."

அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனையோ வருஷம் கழித்து, இசை தெரிந்த நண்பர் ஒருவர் சொல்லித்தான் விளங்கியது: இரண்டும் சாருகேசி ராகம். 'ஹரிதாஸ்' 1944. 'சாரங்கதாரா' 1958. 'ஹரிதாஸ்' பாட்டுகளை எழுதி மெட்டமைத்தவர் பாபநாசம் சிவன், அவற்றுக்கு வாத்தியங்களைச் சேர்த்து இசையை நடத்தியவர் ஜி. ராமநாதன். 'சாரங்கதாரா'வுக்கு இசை அதே ராமநாதன். அப்பாவுக்குச் சாருகேசி என்ற பெயர் கடைசிவரை தெரியாது. சபா வாசலை அவர் மிதித்ததே இல்லை. ஆனால் முன்பின் பார்த்திராத ஒருவரை 'இன்னார் வீட்டுப் பிள்ளைதானே' என்று முகச்சாடை வைத்துக் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு ராகத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

அந்தக் காதை அவருக்குக் கொடுத்தது யார் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு வருகிறது.

பாகவதர் கொடுத்தார், டி.எம்.எஸ். கொடுத்தார் என்று சொல்லிவிடலாம். ஊரும் அப்படித்தான் சொல்லும். 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது என்றால் அது தியாகராஜ பாகவதரின் குரலுக்குக் கூடிய கூட்டம், அதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு குரல்களுக்கும் நடுவே பதினான்கு வருஷம் ஒரு கை இருந்திருக்கிறது. அந்தக் கைக்கு உரியவரின் முகம் எப்படி இருக்கும் என்று எங்கள் தெருவில் கேட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

பெயர் தெரியும். அதற்கு இலங்கை வானொலிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1952இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தது, சாஸ்திரிய சங்கீதத்தை வளர்க்கிற நல்லெண்ணத்தோடு. சனங்கள் காதைக் கடலுக்கு அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். 1957இல் விவித பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, இவர்கள் எங்கள் தெருவில் குடியிருந்தவர்கள் மாதிரிதான். பாட்டுக்கு முன்னால் பெயர்களைச் சொல்வார்கள்: படம், பாடியவர், இயற்றியவர், இசை. அவசரமில்லாமல், தமிழை முழுசாக உச்சரித்து. அப்பாவுக்கு அந்தப் பெயர்களும் பாட்டில் சேர்த்தி. பெயர் சொல்லாமல் பாட்டு தொடங்கிவிட்டால் ஏதோ குறைந்த மாதிரி ரேடியோவை ஒரு பார்வை பார்ப்பார்.

சேலத்துக்காரர்களுக்கு அந்தப் பெயர்களில் ஒரு சொந்தம் உண்டு. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. உள்ளே ஸ்டுடியோ இல்லை, வீடுகள் வந்துவிட்டன. 1935இல் அதைத் தொடங்கிய டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டில் பிறந்தவர். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் அவர் படித்துவந்தது ஜவுளித் தொழில். இந்தச் செய்தியை எத்தனை முறை படித்தாலும் நான் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன். நூலும் துணியும் படித்த ஒருவர் வந்து பாட்டும் படமும் நெய்தார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் இங்கே எடுத்ததுதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் இங்கே எடுத்ததுதான். நடிகர், எழுத்தாளர், தொழில்நுட்பக்காரர் எல்லோருக்கும் ஆலை மாதிரி மாதச் சம்பளம், நேரத்துக்கு வர வேண்டும், நேரத்துக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் அவர் முதலாளி.

கலையை ஆலைக்குள் கொண்டுபோய் அடைத்தால் கலை செத்துப்போகும் என்று இளவயதில் நானும் பேசியிருக்கிறேன். இன்று அப்படி நினைக்கவில்லை. மாதம் முதல் தேதி கூலி நிச்சயமாக வரும் என்று தெரிந்த நெசவாளி நெய்கிற துணியையும், நாளைக்கு நூல் கிடைக்குமா என்ற கவலையில் நெய்கிற துணியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். கவலை துணியில் தெரியும். அடி சீராக விழாது. சுந்தரம் பாடவில்லை, மெட்டுப் போடவில்லை. ஆனால் பாட்டுக்காரர்கள் கவலை இல்லாமல் உட்கார ஓர் இடம் போட்டுக் கொடுத்தார். அந்த இடத்தில்தான் ஜி. ராமநாதன் 1940இல் 'உத்தமபுத்திரன்' செய்தார், 1950இல் 'மந்திரிகுமாரி' செய்தார். மருதகாசியும் கா.மு. ஷெரீப்பும் அந்தக் கூரையின் கீழேதான் பாட்டெழுதினார்கள்.

'மந்திரிகுமாரி'யில் ஒரு காட்சி. கணவன் மனைவியை மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான், தள்ளிக் கொல்வதற்கு. போகிற வழியில் பாட்டு. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. அந்த மெட்டில் கொலையின் நிழல்கூடக் கிடையாது. அத்தனை கனிவு, அத்தனை குளுமை. கதை தெரியாதவர் கேட்டால் புதுசாகக் கல்யாணமானவர்கள் காற்று வாங்கப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார். அதனால்தான் கதை தெரிந்தவருக்கு அடிவயிறு சில்லிடுகிறது. பயமுறுத்துகிற வாத்தியத்தைக் கொட்டி முழக்காமல், கனிவைக் கொண்டே கலக்கத்தைக் கொண்டுவரலாம் என்று ராமநாதனுக்குத் தெரிந்திருந்தது. பாட்டு வந்து எழுபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. கொலைகாரன் பாட்டைத் தாலாட்டு மாதிரி இன்னும் முணுமுணுக்கிறோம்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருந்தார். ஸ்டுடியோவில் வயலின் வாசித்தவர் என்று ஊரில் பேச்சு. பிற்காலத்தில் கல்யாணக் கச்சேரிகளுக்குப் போய்வந்தார், அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. மாலை நேரத்தில் எங்கள் திண்ணைக்கு வருவார். நான் பள்ளிக்கூடப் பையன். ஒருநாள் ரேடியோவில் அந்த மலையுச்சிப் பாட்டு வந்தது. அப்பா கேட்டார்:

"ஏனுங்க மாமா, இதுல நீங்க வாசிச்சீங்களாமா?"

"வாசிச்சேன் சாமி. வரிசையா உக்காந்து அத்தனை பேரும் வாசிச்சோம்."

"இதுல உங்க வயலின் எதுன்னு சொல்லுங்க, பையன் கேக்கட்டும்."

பெரியவர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். "எது என் வில்லுன்னு எனக்கே தெரியாது சாமி. தெரியக் கூடாது. தனியாத் தெரிஞ்சா எவனோ ஒருத்தன் முந்திட்டான்னு அர்த்தம், அப்பறம் திரும்ப முதல்ல இருந்து வாசிக்கணும்."

அப்பா தறியைப் பார்த்துக்கொண்டே, "பாவுல ஒரு இழை தனியாத் தெரிஞ்சா குத்தங்கற மாதிரி" என்றார். அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேரும் ஒரே தொழில் செய்கிறவர்கள் மாதிரி தலையசைத்துக்கொண்டார்கள்.

பாவு என்பதை நெசவு தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். துணியில் நெடுக்கே ஓடுகிற நூல் பாவு, குறுக்கே ஓடுகிறது ஊடை. சேலத்தில் பாவடி என்ற பெயரைப் பல இடங்களில் கேட்கலாம். பாவு நீட்டுவதற்கென்றே நெசவாளர்கள் பொதுவில் வைத்திருந்த வெளி அது. விடிவதற்கு முன்னால் ஆட்கள் கூடுவார்கள். முழு நீளத்துக்கும் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, இரண்டு பக்கமும் ஆள் நின்று நீவிக்கொண்டே போவார்கள். ஒட்டிக்கொண்ட இழையைப் பிரிக்க ஒருவர், அறுந்ததைப் பிணைக்க ஒருவர், கட்டை பிடிக்க ஒருவர். வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். நான் சிறுவனாகக் கட்டை பிடித்திருக்கிறேன். கை கடுக்கும், ஆனால் தளர்த்தக் கூடாது. ஓர் இடத்தில் தொய்ந்தால் பாவு முழுக்கத் தொய்யும். அந்த வேலைக்குக் கூலி பேசுவதில்லை. இன்று உன் பாவுக்கு நான் வந்தால், நாளைக்கு என் பாவுக்கு நீ.

அது முடிந்து பாவு வீட்டுக்குப் போன பிறகுதான் நெசவாளி தனியாகக் குழியில் உட்காருகிறார். துணியை வாங்குகிறவர் பார்ப்பது கரையை, ஜரிகையை. அவை கண்ணில் படுகின்றன. பாவு கண்ணில் படாது. ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் ஒவ்வொரு அடிக்கும் இழுபட்டு வலி தாங்குகிறது அதுதான்.

குரல் கரை என்றால் வாத்தியக்காரர்கள் பாவு. இந்த அளவுக்கு அன்று திண்ணையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் வயது ஏற ஏற இன்னொன்று தெரிந்தது. பாவு போடுகிறவர் எப்போதும் தனக்கு மட்டும் போட்டுக்கொள்வதில்லை.

மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்த சௌந்தரராஜன் 1950இல் 'கிருஷ்ண விஜயம்' படத்தில் பாடத் தொடங்கினார். அதே வருஷம் 'மந்திரிகுமாரி'யில் ராமநாதன் அவருக்கு ஒரு பாட்டுக் கொடுத்தார். பிறகு 1954இல் 'தூக்குத் தூக்கி'. சிவாஜிக்குச் சௌந்தரராஜன் பாடி, இனி இந்த முகத்துக்கு இந்தக் குரல்தான் என்று நாடே முடிவுகட்டியது அந்தப் படத்தில்தான். இசை ராமநாதன். அதற்கடுத்த இருபது வருஷம் தமிழ்ச் சினிமாவின் குரல் என்றால் டி.எம்.எஸ். 'கப்பலோட்டிய தமிழன்' 1961இல் வந்தபோது பாரதியின் பாட்டுகளை யார் யார் பாடினார்கள் என்று பாருங்கள்: சீர்காழி கோவிந்தராஜன், திருச்சி லோகநாதன், பி.பி. ஸ்ரீனிவாஸ். ஒவ்வொரு தொண்டையும் ஒவ்வொரு தினுசு. ஒன்றைப் போல ஒன்று பாட வேண்டும் என்று இசையமைத்த ராமநாதன் கேட்கவில்லை. அவரவர் தன் சுருதியில் நிற்கும்படி இடம் விட்டிருக்கிறார்.

எஸ்.எம். சுப்பையா நாயுடு கோயம்புத்தூரில் ஜூபிடர் பிக்சர்ஸுக்கு இசையமைத்தவர். அவரிடம் ஆர்மோனியப் பெட்டியைத் துடைத்து வைத்து, எடுபிடி வேலை செய்துகொண்டிருந்த பையன் எம்.எஸ். விஸ்வநாதன். பையன் போட்ட மெட்டு நாயுடுவின் பெயரில் படத்தில் வந்தது. பின்னால் ஜூபிடர் சென்னைக்கு மாறி ஆட்களைக் குறைத்தபோது, அந்த மெட்டு இவனுடையது, இவனைக் கூட்டிப் போங்கள் என்று முதலாளியிடம் சொன்னவரும் நாயுடுதான். இதை விஸ்வநாதன் முதுமையிலும் மேடைக்கு மேடை கண் கலங்கச் சொன்னார். பெயரை எடுத்துக்கொண்டதும் அவரே, திருப்பிக் கொடுத்ததும் அவரே. எடுத்துக்கொண்டதை மட்டும் சொல்லிக் குறைப்படலாம். விஸ்வநாதன் அப்படிச் செய்யவில்லை. பிறகு இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமன் 1952இல் இளவயதில் கண்ணை மூடியபோது, 'தேவதாஸ்' படத்தில் அவர் விட்டுப்போன வேலையை முடித்துக் கொடுத்தவர்கள் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும். பாவு போட்டவர் போய்விட்டார், நெசவு நிற்கவில்லை.

இன்னும் சொல்லிக்கொண்டே போகலாம். இளையராஜாவுக்கு மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டரின் மயிலாப்பூர் லாட்ஜ் அறை. 1976இல் 'அன்னக்கிளி'க்கு இளையராஜாவைத் துணிந்து அழைத்த பஞ்சு அருணாசலம். அதே 1976இல், மலையாளப் படங்களுக்கு வாத்தியம் அமைத்துக் கொடுத்தே வாழ்ந்த ஆர்.கே. சேகர் காலமானார். வீட்டில் ஒன்பது வயதுப் பிள்ளை, அப்பா விட்டுப்போன இசைக்கருவிகளோடு. அந்தப் பிள்ளைதான் ஏ.ஆர். ரஹ்மான். சேகரின் பெயரைக் கேரளத்துக்கு வெளியே எத்தனை பேர் உச்சரித்திருப்பார்கள் அப்போது?

நான் ஒருகாலத்தில் மனசுக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தேன், யார் பெரியவர் என்று. குரலினிமை, ராக ஞானம், எத்தனை படம், எத்தனை வெள்ளிவிழா. இப்போது அந்தப் பட்டியல் என்னிடம் இல்லை. ஒருவர் எழுந்து போன பிறகு அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் எத்தனை பேர் எழுந்து நிற்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன். ராமநாதன் 1963இல் போனார். அதே 1963இல் சுந்தரமும் போனார். ராமநாதன் போனபோது சௌந்தரராஜன் இருந்தார், கோவிந்தராஜன் இருந்தார். சாருகேசி என்ற பெயர் தெரியாமலே சாருகேசியைக் கண்டுபிடிக்கிற காதோடு அம்மாபேட்டையில் ஒரு நெசவாளியும் இருந்தார். இசை உலகத்தை உருவாக்கியவர்கள் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கடைசி ஆளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் காதில்தான் அந்த வேலை முழுமையாகிறது. கேட்கிறவரைக் கொஞ்சம் உயர்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள், அவருக்கே தெரியாமல், கூலி பேசாமல், விடியற்காலைப் பாவடியில் வந்து நிற்கிற பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி.

சுந்தரத்துக்குப் பிறகு அவர் மகன் ராமசுந்தரம் ஸ்டுடியோவை நடத்தினார். 1965இல் வந்த 'வல்லவனுக்கு வல்லவன்' தொடங்கி, இந்தி மெட்டுகளைத் தமிழில் கேட்க வைத்த படங்கள் பல வேதாவின் இசையில் வந்தன. இரவல் நூல் என்று அவற்றைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. நூல் வெளியூரிலிருந்து வந்தாலும் நெய்கிற கை உள்ளூர்தான், அப்பாவும் அந்தப் பாட்டுகளுக்கு மிதித்திருக்கிறார். ஆனால் ராமநாதன் பாட்டு வந்தால் மட்டும் அவர் முகத்தில் ஒரு நிதானம் வரும். அது வேறு.

இப்போது எங்கள் வீட்டில் தறி இல்லை. குழியை மூடிச் சிமெண்டு பூசிவிட்டோம். அந்த இடத்தில் தரை கொஞ்சம் நிறம் மாறித் தெரியும். கடைசி இரண்டு மூன்று வருஷம் அப்பாவின் கட்டிலை அதற்குப் பக்கத்தில்தான் போட்டிருந்தோம். செல்போனில் பாட்டுப் போட்டுக் கொடுப்பேன். திரையில் கதாநாயகன் படம் மட்டும் வரும். "யாரு யாருன்னு சொல்லலையே" என்பார். நானே சொல்வேன்: படம் 'மந்திரிகுமாரி', பாடியவர்கள் திருச்சி லோகநாதன், ஜிக்கி, இசை ஜி. ராமநாதன். கே.எஸ். ராஜா மாதிரி சொல்ல வராது எனக்கு. இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். போர்வைக்குள் வலது கால் லேசாக அசையும்.

பல்லவி முடிந்து வாத்தியங்கள் சேர்ந்து எழும்புகிற இடம் வரும்போது ஒரு விரலைத் தூக்குவார். கால் நின்றுவிடும். பெரியவர் இறந்து அப்போது முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"மாமா வாசிக்கிறாரு" என்பார்.